பக்கத்திலும் ஆட்கள் படுத்திருக்கினம்

மடுவுக்குப் போய்க் கூடாரம் அடித்துத் தங்குவதென்று முடிவானதும் என் பேரப்பிள்ளைகளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. 2023 ஆம் ஆண்டு ஆவணித் திருநாளுக்கு இன்னும் 3 வாரம் இருந்தது. மகளின் மூத்தவனுக்கு 9 வயது. சின்னவளுக்கு 6. தம்பியின் பேரன் ஒருவன், 11 வயது, அவனும் எங்களோடு வருவதாக ஏற்பாடு. மூவரும் யுத்தம் முடிந்த பிறகு பிறந்தவர்கள். கூடாரம் என்றால் அவர்களுக்குப் பள்ளிக்கூடச் சாரணர் பாசறைப் படம்தான் ஞாபகம் வரும். தறப்பாள் என்றால் நெல் காயப்போடுகிற சாமான்.

எனக்கும் மகளுக்கும் அப்படியல்ல. முற்றத்தில் நீலத் தறப்பாளை விரித்து ஓட்டை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தபோது மகள் மூக்கைச் சுளித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். வெயிலில் சூடேறிய தறப்பாளின் மணம். வாசிக்கிற சகோதரிகளில் பலருக்கு அந்த மணத்தை நான் விபரிக்கத் தேவையில்லை.

திருநாளுக்கு மடுவுக்குப் போனவர்களுக்குத் தெரியும், அங்கே விடுதி அறை கிடைப்பது குதிரைக்கொம்பு. கொடியேறிய நாளிலிருந்தே சனம் வந்து சேரத் தொடங்கிவிடும். மன்னார், வவுனியா, யாழ்ப்பாணம் என்று நம்முடைய ஆட்கள் ஒருபக்கம், நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்துச் சிங்களச் சனம் இன்னொரு பக்கம். பெருமரங்களுக்குக் கீழே கூடாரங்கள் நெருக்கமாக எழும்பிவிடும். ஒரு கூடாரத்தின் கயிறு அடுத்த கூடாரத்தின் கயிற்றை முட்டிக்கொண்டு நிற்கும். பகலில் இது திருவிழாக் கலகலப்பு. இரவில் ஆயிரக்கணக்கான பேர் சுவரே இல்லாத ஒரு வீட்டில் படுத்திருப்பது போல.

இந்தச் சுவரில்லாத விஷயத்தைப் பிள்ளைகளுக்கு எப்படி விளங்கப்படுத்துவது? "இரவில சத்தம் போடக் கூடாது" என்று சொன்னால் "ஓம் அம்மம்மா" என்று சொல்வார்கள். சொல்லிவிட்டு அடுத்த நிமிடமே கத்துவார்கள். சிமெந்துச் சுவரும் கதவும் உள்ள வீட்டில் வளர்ந்த பிள்ளைகளுக்குத் தாங்கள் பேசுவது எவ்வளவு தூரம் போகும் என்று தெரிய நியாயமில்லை. ஆகவே ஒரு விளையாட்டு வைத்தேன். போவதற்கு முந்திய வாரம் முற்றத்தில் தறப்பாளைக் கட்டி, ஒருவரை உள்ளே படுக்க வைத்தேன். மற்ற இருவரும் பத்தடி தள்ளி நின்று காதுக்குள் இரகசியம் சொல்வதைப் போலப் பேச வேண்டும். உள்ளே இருப்பவர் என்ன கேட்டது என்று சொல்ல வேண்டும். சின்னவள் உள்ளே படுத்திருந்தபோது, அவளுக்குத் தெரியாமல் அவளுடைய பென்சில் பெட்டியை எடுத்த கதையைப் பெடியன்கள் இருவரும் குசுகுசுத்தார்கள். ஒரு சொல் விடாமல் கேட்டுவிட்டு அழுதுகொண்டு வெளியே ஓடி வந்தாள். அதற்குப் பிறகு விளக்கம் ஒன்றும் தேவைப்படவில்லை.

ரோச் லைட்டுக்கும் அப்படித்தான். உள்ளே படுத்திருந்த பெரியவனின் தறப்பாளில் வெளியே இருந்து வெளிச்சத்தை அடித்துக் காட்டினேன். உள்ளே முழுவதும் பற்றி எரிவது போல இருந்தது என்று சொன்னான். வெளியே நிற்கிற ஆளின் நிழல் பூதம் போலப் பெரிதாக விழுந்ததாம். பிறகு ரோச்சின் முகத்தில் சிவப்புச் சீலைத் துண்டு ஒன்றைச் சுற்றி நூலால் கட்டினோம். நடக்கும்போது வெளிச்சம் காலடியைத் தாண்டக் கூடாது, ஆட்களின் முகத்துக்கோ கூடாரத்துக்கோ போகக் கூடாது என்பது சட்டம். கூடாரக் கயிறுகளில் கட்டுவதற்குப் பழைய வெள்ளை வேட்டியைக் கிழித்துத் துண்டு துண்டாக எடுத்துக்கொண்டோம். இரவில் சிறுநீர் கழிக்க எழும்பிப் போகிற யாரோ ஒரு முதியவர் எங்கள் கயிற்றில் இடறி விழுந்தால் அந்தப் பாவம் யாருக்கு?

இதையெல்லாம் நான் எங்கே படித்தேன் என்று தம்பியின் பேரன் கேட்டான். எனக்குச் சிரிப்பு வந்தது. எந்தப் புத்தகத்தில் இருக்கிறது இது.

மடுவின் மரங்களுக்குக் கீழே நான் மூன்று விதமாகப் படுத்திருக்கிறேன். முதல் தடவை 1970களில், அப்பாவின் மாட்டு வண்டிலில் வந்து இறங்கிய சின்னப் பிள்ளையாக. அப்போது கிடுகுக் கொட்டில்தான். ஒல்லாந்தர் காலத்தில் மாந்தையிலிருந்து மாதாவின் சுரூபத்தை எடுத்துக்கொண்டு காட்டுக்குள் ஓடி வந்த குடும்பங்களின் கதையை அப்பாச்சி இரவில் மெல்லிய குரலில் சொல்வா. ஓடி வந்தவர்கள் எப்படி இரவில் அடுப்பு மூட்டியிருப்பார்கள், குழந்தை அழுதால் என்ன செய்திருப்பார்கள் என்று அப்போது நான் யோசித்ததில்லை.

இரண்டாவது தடவை 1990. ஆனி மாதம் யுத்தம் மீண்டும் தொடங்கியபோது மாந்தைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து நாங்களும் மடுவுக்கு ஓடினோம். கலியாணம் முடித்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. திருநாளுக்கு வந்து படுத்த அதே மரங்களுக்குக் கீழே அகதியாகப் படுத்தேன். என் மகள் 1991 இல் பிறந்தாள். பச்சைக் குழந்தையோடு கொட்டில் வரிசையில் இருப்பது என்ன பாடு என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும். அவளுக்கு வயிற்றுக்குத்து. இரவு ஒரு மணிக்குத் தொடங்கினால் விடியும் வரைக்கும் வீரிடுவாள். இடைவெளி இல்லாத கொட்டில்கள். குண்டுச் சத்தம் கேட்டுக் கேட்டு நித்திரை செத்துப்போன சனங்கள் அடுத்த பக்கத்தில் புரண்டு படுப்பது எனக்குக் கேட்கும். அவமானத்தில் நானும் சேர்ந்து அழுவேன். மூன்றாம் நாள் இரவோ நான்காம் நாளோ, இரண்டு கொட்டில் தள்ளி இருந்த ஒரு ஆச்சி வந்தா. ஏசப் போகிறா என்று நினைத்தேன். "தா பிள்ளை, நீ படு" என்று குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு கோயில் வீதிப் பக்கம் நடந்துபோனா. விடியத்தான் திருப்பிக் கொண்டுவந்தா. அடுத்த இரவு வேறொருத்தி. இப்படி ஒரு முறை வைத்துக்கொண்டு என் பிள்ளையைச் சுமந்தார்கள். அயலவரின் நித்திரையைக் காப்பதென்றால் பிள்ளையின் வாயைப் பொத்துவதுதான் என்று எண்ணியிருந்த எனக்கு அது புதிய படிப்பு.

மூன்றாவது தடவைதான் இது, பேரப்பிள்ளைகளோடு. 2008 சித்திரையில் மாதாவின் சுரூபத்தையே தேவன்பிட்டிக்குக் கொண்டுபோக வேண்டி வந்த காலத்தில் நாங்கள் கிளிநொச்சிப் பக்கம் இடம்பெயர்ந்துவிட்டோம். அங்கிருந்து எங்கே போனோம், மாத்தளனில் என் கணவரை எப்படி இழந்தேன் என்பதை இங்கே எழுத வரவில்லை.

நாங்கள் ஆகஸ்ட் 12 ஆம் திகதி பின்னேரம் போய்ச் சேர்ந்தோம். பாலை மரம் ஒன்றின் கீழ் இடம் கிடைத்தது. வலது பக்கத்தில் சிலாபத்திலிருந்து வந்த ஒரு குடும்பம். அப்பா, அம்மா, பாட்டி, நாலு பிள்ளைகள். அந்தப் பாட்டிக்குக் கொஞ்சம் தமிழ் தெரிந்திருந்தது. இடது பக்கத்தில் முல்லைத்தீவுப் பக்கத்திலிருந்து வந்த ஒரு தாயும் மகளும். தாய்க்கு என்னிலும் ஐந்தாறு வயது குறைவாக இருக்கும். அதிகம் பேச மாட்டா. மகள் இருபது வயது மட்டில். வந்ததும் தாங்களாகவே கூடாரம் அடித்து, கூடாரத்தைச் சுற்றி மழைநீர் ஓடச் சின்னக் கான் ஒன்றும் வெட்டினார்கள். காய்ந்து வெடித்திருக்கிற ஆகஸ்ட் மாத மண்ணில் கான் வெட்டுகிறவர்கள் யாரென்று எனக்கு உடனே விளங்கிவிட்டது. 2009 ஆகஸ்டில் பெய்த அந்த எதிர்பாராத மழையில் செட்டிகுளம் முகாமில் கூடாரத்துக்குள் வெள்ளம் வந்து நின்றவர்கள்தான் பிறகு எங்கே படுத்தாலும் முதலில் கானைத் தேடுவார்கள். நானும் வெட்டினேன். மகளும் என்னோடு சேர்ந்து வெட்டினாள். பேசிக்கொள்ளவில்லை.

முதல் இரவு பிள்ளைகள் நன்றாகத்தான் இருந்தார்கள். செபமாலை முடிந்து 9 மணிக்கு முன்னமே மூவரையும் மலசலகூடத்துக்குக் கூட்டிப் போய் வந்தேன். தண்ணீர்ப் போத்தலைத் தலைமாட்டில் வைத்தேன். செருப்புகளை வாசலில் தொட்டால் தட்டுப்படுகிற மாதிரி வரிசையாக வைக்கச் சொன்னேன். இரவில் எழும்பிச் செருப்புத் தேடுவதில்தான் பாதிச் சத்தம் பிறக்கிறது. சமைத்த பாத்திரங்களைக் கழுவி மூடிக் கட்டித் தூக்கிவிட்டோம். குரங்குகள் விடியற்காலையில் வந்து சட்டி மூடியை உருட்டினால் முழு வரிசையும் எழும்பிவிடும். சின்னவளுக்குப் பாய் நனைக்கிற பழக்கம் இன்னும் போகவில்லை. அதற்கென்று மாற்றுச் சட்டையும் பழைய துவாயும் தனியாக வைத்திருந்தேன். நனைத்தால் என் காதைத் தொட்டால் போதும், நான் ஒன்றும் சொல்லாமல் மாற்றிவிடுவேன் என்று அவளுக்கும் எனக்கும் ஒப்பந்தம். பிள்ளையின் சத்தத்தைவிடப் பிள்ளையை அதட்டுகிற தாயின் சத்தம்தான் கூடாரங்களில் பெரிதாகக் கேட்கும். இதை நான் கோபத்தோடு சொல்லவில்லை. நானும் அதட்டிய தாய்தான்.

தொல்லை பெரியவர்களிடமிருந்துதான் வந்தது. இருபது முப்பது யார் தள்ளி ஒரு வானில் வந்த இளம் பெடியன்கள் பெட்டி போட்டுப் பாட்டுக் கேட்டார்கள். 11 மணி, 12 மணி என்று போய்க்கொண்டே இருந்தது. "அம்மம்மா, எங்களுக்கு மட்டுமோ சட்டம்?" என்று பெரியவன் இருட்டில் கேட்டான். கேட்ட பிறகு படுத்திருக்க முடியுமா? எழும்பிப் போனேன். எனக்குச் சிங்களம் பத்துச் சொல்தான். சிலாபத்துப் பாட்டியும் தன் கூடாரத்திலிருந்து எழும்பி என்னோடு வந்தா. போய்ப் பார்த்தால் அவர்கள் நம்முடைய தமிழ்ப் பெடியன்கள். பாட்டி கூட வந்தது வீண் என்று சொல்ல முடியாது. வெள்ளைத் தலையோடு இரண்டு கிழவிகள் நடு இரவில் வந்து நிற்பதைக் கண்டு அவர்களாகவே பெட்டியை நிறுத்தினார்கள். "சொறி அம்மா" என்றான் ஒருவன். அடுத்த நாளும் போட்டார்கள்தான், ஆனால் 10 மணியோடு நிறுத்தினார்கள்.

இரண்டாம் நாள் இரவுதான் அது நடந்தது.

அன்று பின்னேரம் கடைத்தெருவில் பணிஸ் வாங்கினோம். பணிஸ் வந்த கடதாசிப் பையைத் தம்பியின் பேரன் மடித்துக் காற்சட்டைப் பைக்குள் வைத்திருக்கிறான். இரவு 10 மணியிருக்கும். நாங்கள் எல்லோரும் படுத்துவிட்டோம். பெடியன்கள் இருவரும் வாசலில் இருந்து நட்சத்திரம் பார்க்கிறோம் என்றார்கள். சரி, மெதுவாக என்றேன். பையை ஊதி, சின்னவனைப் பயப்படுத்த என்று அவன் முதுகுக்குப் பின்னால் வைத்து அடித்தான்.

அந்த நேரத்து அமைதியில் அது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். நான் பாயிலிருந்து உருண்டு சின்னவளின் மேல் கவிழ்ந்துவிட்டேன். கவிழ்ந்ததை நான் அறியவில்லை. "அம்மம்மா, நோகுது" என்று அவள் சொன்ன பிறகுதான் அறிந்தேன். மகள் எழும்பி இருந்து இரண்டு காதையும் பொத்திக்கொண்டிருந்தாள். இடது பக்கக் கூடாரத்தில் ஏதோ சரிந்து விழுகிற சத்தம். பிறகு "விழுந்து படு, விழுந்து படு" என்று ஒரு குரல். பிறகு அந்த மகளின் குரல்: "அம்மா, ஒண்டுமில்லை அம்மா, சின்னப் பெடியள் அம்மா."

வெளியே வந்தேன். அந்தத் தாய் தங்கள் கூடாரத்தின் வாசலில், தான் வெட்டிய அந்தச் சின்னக் கானுக்குள் முகம் குப்புறப் படுத்திருந்தா. கான் நாலு விரல் ஆழம்கூட இல்லை. கைகள் தலைக்கு மேல். மகள் பக்கத்தில் குந்தியிருந்து முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். பெடியன்கள் இருவரும் மரம் போல நின்றார்கள். தம்பியின் பேரனின் கையில் கிழிந்த பை.

கோபம் எனக்கு வந்தது. அடிக்கக் கை ஓங்கினேன் என்பதையும் ஒளிக்கவில்லை. அப்போது அந்தத் தாய் தலையை நிமிர்த்தி, "அடியாதீங்கோ அக்கா, அவனுக்கென்ன தெரியும்" என்றா. எழும்பி, சட்டையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டு, வெட்கப்பட்டவ போல உள்ளே போய்விட்டா. வெட்கப்பட வேண்டியது அவவா?

உள்ளே வந்து படுத்தோம். வெகு நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு பெரியவன் என் காதுக்குள் கேட்டான்: "அம்மம்மா, அந்த அன்ரி ஏன் நிலத்தில படுத்தவ? நீங்கள் ஏன் தங்கச்சிக்கு மேல விழுந்தனீங்கள்?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதில் எனக்கும் மகளுக்கும் நெடுநாளாக ஒரு கருத்து வேறுபாடு. அவள் தன் பிள்ளைகளுக்கு அந்தக் கதைகளைச் சொல்லவில்லை, என்னையும் சொல்ல விடுவதில்லை. "நாங்கள் பட்டது எங்களோட போகட்டும், அதுகளாவது நிம்மதியா நித்திரை கொள்ளட்டும்" என்பாள். அவள் 18 வயதில் பார்த்தவற்றை நினைத்தால் அவளை நான் குறை சொல்ல முடியாது. தாத்தா சண்டையில் செத்தவர் என்பதற்கு மேல் பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் அன்றிரவு, காரணம் சொல்லாமல் சட்டம் மட்டும் சொல்லி வளர்த்ததன் பலனை நான் கண்டேன். குசுகுசுப்பது கேட்கும், வெளிச்சம் கண்ணில் குத்தும் என்று எல்லாம் படிப்பித்தேன். ஒரு வெடிச் சத்தம் சிலருக்கு என்ன செய்யும் என்று படிப்பிக்கவில்லை. அது தெரியாத பிள்ளை எப்படிக் கவனமாக இருப்பான்?

மகள் விழித்திருக்கிறாள் என்று தெரிந்தும் சொன்னேன். எல்லாவற்றையும் அல்ல. முன்பு ஒரு காலத்தில் அப்படி ஒரு சத்தம் கேட்டால் உடனே நிலத்தில் படுக்க வேண்டும், படுத்தவர்கள்தான் தப்பினார்கள், பிள்ளைகளுக்கு மேல் தாய்மார் படுப்பார்கள், அது உடம்புக்குப் பழகிவிட்டது, மூளை வேண்டாம் என்றாலும் உடம்பு படுத்துவிடும் என்றேன். "இப்ப செல் வருமா?" என்று கேட்டான். "இல்லை ராசா, இப்ப வராது. அது அந்த அன்ரிக்கும் தெரியும். அவவின்ர உடம்புக்குத்தான் தெரியாது" என்றேன். தம்பியின் பேரன் போர்வைக்குள் விக்கிக்கொண்டிருந்தான்.

மகள் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்தாள். கோபம் என்று நினைத்தேன். கோபம்தான்.

நடுச்சாமத்துக்குப் பிறகு இடது பக்கக் கூடாரத்திலிருந்து ஒரு முனகல் தொடங்கியது. கனவில் அழுகிறா. வார்த்தைகள் இல்லை, மூச்சு முட்டுகிற மாதிரி ஒரு சத்தம். சின்னவள் எழும்பிப் பயந்து என் காதைத் தொட்டாள். பெரியவனும் விழித்துவிட்டான். என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. அடுத்தவரின் கனவுக்குள் போகலாமா?

அப்போது மகள் எழும்பினாள். இடது பக்கத் தறப்பாள் ஓரமாகப் போய் இருந்து, எங்கள் கூடாரத்தின் தடியில் விரலால் மெதுவாக மூன்று தரம் தட்டினாள். "அக்கா, நாங்கள் இஞ்சதான் இருக்கிறம்" என்றாள். கொஞ்சம் பொறுத்து, திரும்பவும் தட்டி, அதையே சொன்னாள். நாலாம் ஐந்தாம் தடவையில் முனகல் நின்றது. அங்கிருந்தும் தடியில் தட்டுகிற சத்தம் ஒன்று வந்தது. தாயா மகளா என்று தெரியாது.

அந்தத் தட்டல் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். 2009 இல் செட்டிகுளத்தில், இராமநாதன் முகாமில், ஐந்து பேருக்கென்று அடித்த கூடாரத்தில் இரண்டு குடும்பமாக 11 பேர் இருந்தோம். என் மகனுக்கு அப்போது 10 வயது. தகப்பன் விழுந்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தவன். இரவில் ஒருநாள் விட்டு ஒருநாள் வீரிட்டுக் கத்துவான். அவன் கத்தினால் அந்த வரிசைப் பிள்ளைகள் எல்லாம் எழும்பிக் கத்தும். பிறகு அடுத்த வரிசை. கம்பி வேலி ஓரத்து வெளிச்சம் இரவெல்லாம் கூடாரத்துக்குள் விழுந்துகொண்டிருக்கும். நான் அவனுடைய வாயைப் பொத்துவேன், மடியில் அமுக்குவேன், அது அவனுக்கு இன்னும் பயம். பக்கத்துக் கூடாரத்தில் மூன்று பிள்ளைகளையும் பறிகொடுத்த ஒரு பெண் இருந்தா. அவவுக்குத்தான் அவனுடைய சத்தம் அதிகம் நோகும் என்று எனக்குத் தெரியும். ஒருநாள் இரவு அவன் கத்தத் தொடங்கியதும் அவ தன் பக்கத்துத் தடியில் தட்டினா. "தம்பி, நாங்கள் இஞ்சதான் இருக்கிறம்" என்றா. அவன் திகைத்து நிறுத்தினான். அதற்குப் பிறகு ஒவ்வொரு இரவும் அப்படித்தான். சில நாட்களில் அவன் கத்துவதற்கு முன்னமே, நித்திரை முறிந்த உடனே, தானாகத் தடியில் தட்டுவான். அங்கிருந்து பதில் தட்டு வந்தால் திரும்பிப் படுப்பான். 2010 இல் எங்களை ஊருக்கு அனுப்பியபோது அவன் அந்தப் பெண்ணைக் கட்டிப் பிடித்துக்கொண்டு பேருந்தில் ஏற மறுத்தான். இப்போது அவன் கட்டாரில் வேலை செய்கிறான். அவ எங்கே என்று எங்களுக்குத் தெரியாது.

மகள் அதை மறந்திருப்பாள் என்றே நான் எண்ணியிருந்தேன்.

"அம்மா, உது என்ன தட்டு?" என்று பெரியவன் கேட்டான். மகள் உடனே பதில் சொல்லவில்லை. பிறகு தன் தம்பி, அதாவது அவர்களுடைய மாமா, சின்ன வயதில் இரவில் கத்துகிறவன் என்று தொடங்கினாள். காணொளி அழைப்பில் வந்து பகிடி விடுகிற மாமா கத்துகிறவரா என்று பிள்ளைகளுக்கு நம்ப முடியவில்லை. அவள் மெல்லிய குரலில்தான் சொன்னாள். ஆனால் முற்றத்தில் நாங்கள் விளையாடிப் பார்த்த விளையாட்டின்படி, பக்கத்துக் கூடாரத்தில் விழித்திருந்தவர்களுக்கு ஒரு சொல் விடாமல் கேட்டிருக்கும். அது அவளுக்கும் தெரியும்.

விடிந்ததும் தம்பியின் பேரனை அழைத்துக்கொண்டு அந்தத் தாயிடம் போனேன். மன்னிப்புக் கேட்கச் சொல்லி நான் பாடம் பண்ணிக் கொடுத்த வசனம் எல்லாம் அவனுக்கு மறந்துபோயிற்று. "இனி ஊதமாட்டன்" என்று மட்டும் சொன்னான். அவ சிரித்தா. அந்த மூன்று நாளில் அவ சிரித்து நான் கண்டது அப்போதுதான். ஒரு வாளியைக் கொடுத்து, பைப்படியில் வரிசை குறைவாக இருக்கிறதா என்று பார்த்துவரச் சொன்னா. அவன் தண்ணீரே கொண்டுவந்து வைத்தான். அதற்குப் பிறகு அவர்களுடைய தண்ணீர் முழுக்க அவன் பொறுப்பு.

பிறகுதான் பேச்சு வந்தது. நாங்கள் இருந்தது இரண்டாம் வலயம், அவர்கள் மூன்றாம் வலயம். திருநாள் காலத்தில், இத்தனை பக்கத்தில் இருந்தும், அந்த ஆண்டு கோயிலுக்கு வர முடியாமல் கம்பிக்குப் பின்னால் நின்று செபமாலை சொன்னதை அவவும் சொன்னா, நானும் சொன்னேன். தெற்கிலிருந்து சனம் திரளாக வந்து போனதை அங்கிருந்தே அறிந்திருந்தோம். சிலாபத்துப் பாட்டி பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தா. எவ்வளவு விளங்கியது என்று தெரியவில்லை. எழும்பிப் போய்த் தங்களுடைய கருவாட்டுப் பொதியில் ஒரு பங்கைக் கொண்டுவந்து எங்கள் இரண்டு கூடாரத்துக்கும் தந்தா. தங்களுடைய பிள்ளைகளிடம் ஏதோ சொல்லியும் இருக்க வேண்டும். அன்று இரவு அந்தப் பக்கத்துச் சின்னப் பெடியன் ரோச்சுக்குச் சிவப்புச் சீலை கேட்டு எங்கள் வாசலில் வந்து நின்றான்.

14 ஆம் திகதி இரவு வேஸ்பர் ஆராதனைக்குப் பிறகு ஒருவரும் சரியாக நித்திரை கொள்ளவில்லை. அது வேறு விஷயம், திருநாளுக்கு முதல் இரவு அப்படித்தான். வாணம் ஏதும் விடுவார்களோ என்று எனக்குப் பயமாக இருந்தது. அந்தத் தாயும் மகளும் எங்கள் கூடாரத்துக்குள் வந்து பிள்ளைகளோடு இருந்தார்கள். ஒன்றும் வெடிக்கவில்லை.

திருநாள் திருப்பலி முடிந்து 15 ஆம் திகதி மத்தியானம் கூடாரங்களைப் பிரித்தோம். கயிறுகளில் கட்டிய வெள்ளைத் துண்டுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துச் சின்னவள் தன் பையில் போட்டாள். அடுத்த முறைக்கு வேண்டுமாம். மகள் தறப்பாளை மடிக்க வந்து ஒரு முனையைப் பிடித்தாள். அவவின் மகள் மறுமுனையைப் பிடித்தாள். பெடியன்கள் இருவரும் ஒருவரும் சொல்லாமலே இரண்டு கூடாரத்தின் கான்களையும் காலால் மண் தள்ளி மூடிக்கொண்டிருந்தார்கள். இருட்டில் யாராவது கால் வைத்து இடறிவிடுவார்களாம்.